நோகேஸும் கடலில் போட்ட ரோடும்

போன வருடம் ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். விடிந்ததிலிருந்து நான்கு மழை பெய்து முடிந்து, ஐந்தாவது மழைக்கு வானம் இருட்டிக்கொண்டிருந்தது. தென்மேற்குக் காற்று; குடையை நாம் பிடித்தால் குடை நம்மைப் பிடித்துக்கொண்டு போகும். சாத்தம் ஜெட்டியிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் போட் துறைமுகத்தின் நடுவில் இருந்தது. அந்த நிமிடத்தில், அந்தமான் தீவுகள் அனைத்திலும், சுற்றியுள்ள கடலையும் சேர்த்தே சொல்கிறேன், மிக ஜாக்கிரதையான டிரைவர் என்று பெயரெடுத்த ஒரு மனிதர், தான் ஓட்டாத ஒரு வண்டியால், ரோடே இல்லாத ஓர் இடத்தில், தன் வாழ்க்கையின் முதல் விபத்தைச் செய்து முடித்தார். செய்து முடித்தபோது அவர் வண்டிக்குள்கூட இல்லை. என் பக்கத்தில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. எங்கள் டாலிகஞ்சில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எல்லோருக்கும் அவர் நோகேஸ். அரசாங்க பஸ் ஓட்டியது முப்பத்துநான்கு வருடம். அதில் பத்தொன்பது வருடம் மாயாபந்தர் ரூட். போகும்போது இடுப்பும் வரும்போது முதுகும் கழன்று வரும் ரூட். அத்தனை வருடத்தில் ஒரு போலீஸ் கேஸ் இல்லை, ஒரு சலான் இல்லை, ஒரு கோழி இல்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார். நீங்கள் மணி என்ன என்று கேட்டால் மணியைச் சொல்லிவிட்டு இதையும் சொல்வார்.

அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி இங்கே ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். மகன் ரப்பர் மரத்துக்குப் பதிலாக ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிடித்தவர் அதை ரிட்டையரான பிறகும் விடவில்லை. தெருவில் நடந்து போனால் இடது ஓரம். முனை திரும்புவதற்கு முன் நின்று இரண்டு தடவை இருமுவார், அது ஹார்ன். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. கேட்டதற்கு, "வண்டி இருந்தாதானே சார் கேஸு?" என்றார்.

மகள் கல்யாணத்துக்கு மணப்பெண்ணைக் காரில் அழைத்துவந்தவர் அவரே. ஸ்பீடோமீட்டர் முள் இருபதைத் தாண்டவில்லை. முகூர்த்தம் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் குதித்தார்கள். இவர் இறங்கி, டயரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "முகூர்த்தம் போனா அடுத்தது வருங்க. கேஸு வந்தா போவாதுங்க" என்று சொன்னார். அடுத்த முகூர்த்தம் வர மூன்று மணி இருபது நிமிடம் ஆயிற்று. சாம்பார் இரண்டு தடவை சூடு செய்யப்பட்டது. நான் அங்கே இருந்தேன்.

நான் ஓர் அரசு ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் ஆணியும் போல்ட்டும் வாளியும் எண்ணியவன். எண்ணுவது வியாதி என்று என் வீட்டில் சொல்கிறார்கள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள் என்பது என்னிடம் இருக்கிறது.

அந்த வருடத் தொடக்கத்தில், டிரைவர் இல்லாத வண்டி எங்கள் ஊருக்கு வரப்போகிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்ல வரலாம் என்று அறிவிப்பு வந்தது. பொதுமக்கள் என்று போனவர்கள் பதினெட்டுப் பேர். மெயின்லேண்டிலிருந்து வந்த ஆலோசகர் நாற்பத்தொரு படங்கள் காட்டினார். பதினேழு படங்களில் மரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இந்தத் தீவில் முளைக்கிற மரம் இல்லை.

ஆலோசகர் சென்னைக்காரர். நல்ல மனிதர், தான் சொல்வதையெல்லாம் தானே நம்பினார். இனிமேல் யாரும் சொந்த வண்டி வைத்துக்கொள்ள மாட்டார்களாம். ஆகவே பார்க்கிங் தேவைப்படாதாம். பார்க்கிங் இடமெல்லாம் பூங்கா ஆகுமாம். தானாக ஓடும் வண்டி கோணல்மாணலாகப் போகாது என்பதால் ரோட்டின் அகலத்தையும் குறைத்துக்கொள்ளலாமாம். எங்கள் டாலிகஞ்ச் ரோட்டில் அகலத்தைக் குறைத்தால் மிஞ்சுவது சாக்கடை. அதில் எப்படி ஓடும் என்பதற்குப் படம் இல்லை.

பின்வரிசையில் இரண்டு இருமல் கேட்டது. நோகேஸ் எழுந்து நின்றார்.

"சார், ஆளுங்கள எறக்கி விட்டபொறவு இந்த வண்டி எங்க நிக்கும்?"

"நிக்கவே நிக்காது சார். பார்க்கிங்தான் கிடையாதே. அடுத்த பேசஞ்சர் கூப்பிடற வரைக்கும் ரவுண்ட் அடிச்சிட்டே இருக்கும்."

"போட் கான்சல்னா?"

"ரவுண்ட் அடிக்கும்."

"புயல் சிக்னல் ஏத்தி ரெண்டு நாளு போட் இல்லன்னா?"

ஆலோசகர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு நாள் ரவுண்ட் அடிக்கும் சார். எலக்ட்ரிக்தானே, புகை இருக்காது."

"என்னாங்க சார் இது. எல்லா வண்டியும் நிக்காம சுத்திக்கிட்டே இருந்தா, ரோடு யாருக்கு மிஞ்சும்?"

அடுத்த படத்தில் ஒரு பூங்கா வந்தது. நோகேஸ் உட்காரவில்லை.

"சரிங்க. இடிச்சா கேஸு யாரு மேல?"

"இடிக்காது சார்."

"இடிச்சா?"

"சார், விபத்துன்னாலே மனுஷத் தப்புதான். இங்க மனுஷனே இல்லையே."

"அதத்தாங்க கேக்குறேன். மனுஷனே இல்லன்னா கேஸு யாரு மேல?"

ஏழு தடவை கேட்டார். ஏழு தடவையும் இடிக்காது என்றுதான் பதில். கூட்டக் குறிப்பில் 'பொதுமக்கள் மிகுந்த ஆர்வம் தெரிவித்தனர்' என்று எழுதப்பட்டது.

வண்டி கப்பலில் வந்து இறங்கிய பிறகு, டிரைவர் இல்லாத வண்டிக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை யாரோ நினைவுபடுத்தினார்கள். நம் நாட்டு வழக்கப்படி உடனே ஒரு வழி பிறந்தது. டிரைவர் இல்லாத வண்டிக்கு ஒரு டிரைவரை நியமிப்பது. லைசென்ஸ் உள்ள ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும், ஓட்டக் கூடாது. பதவியின் பெயர் 'பாதுகாப்பு உடனிருப்பாளர்'. மேலே ஒரு கறையும் இல்லாத ஆள் வேண்டும் என்று தேடியபோது, கூட்டத்தில் மிகுந்த ஆர்வம் தெரிவித்தவர் ஞாபகத்துக்கு வந்தார்.

நோகேஸ் நியமன உத்தரவை என்னிடம் கொண்டுவந்தார். பதினான்கு பக்கம், ஐம்பத்திரண்டு நிபந்தனைகள். ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பிரேக்கைத் தொடக் கூடாது. ஓட்டம் முடியும்வரை சீட்டை விட்டு எழக் கூடாது. ஆபத்து வந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம். அழுத்துமுன் அது ஆபத்துதான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"யோவ், வேணாம்யா. படிக்கும்போதே எனக்கு வேர்க்குது" என்றேன்.

"ஓட்டியே கேஸு வரலங்க சார். ஓட்டாம இருந்தா எப்பிடி வரும்?"

தர்க்கத்தில் குறை காண முடியவில்லை. மே மாதம் வேலையில் சேர்ந்தார்.

வண்டி வெள்ளை நிறம், எட்டு சீட்டு, முன்னும் பின்னும் ஒரே முகம். தானாகவே ஓடுவதால் ஊர் அதற்கு 'அப்னேஆப்' என்று இந்தியில் பெயர் வைத்தது. அதற்குள் ஒரு பெண்குரல் இந்தியிலும் இங்கிலீஷிலும் அறிவிப்புக் கொடுக்கும். நோகேஸ் அதை 'பாப்பா' என்று கூப்பிட்டு, தமிழில் பதில் சொல்வார். ஓட்டக் கூடாது என்றுதானே உத்தரவு. ஓட்டும்போது செய்கிற மற்றதெல்லாம் செய்யலாம் என்று முடிவு செய்துகொண்டார். வளைவு வந்தால் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். எதிரே வரும் பஸ் டிரைவருக்கு வணக்கம் வைத்தார். முனையில் இருமினார். மாலையில் பழைய பழக்கத்தில் டிரிப் ஷீட் எழுதினார்: 'ஓட்டியவர்: யாருமில்லை. உட்கார்ந்தவர்: நான்.' பழைய பஸ்ஸிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மரக்கட்டையை, வண்டி நின்றதும் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். அடையாளம் தெரியாத பிராணி ஒன்று தினமும் சக்கரத்தைக் கடிப்பதாக வண்டி மேலிடத்துக்குத் தகவல் அனுப்பியதால், முதல் வாரமே கட்டை தடை செய்யப்பட்டது.

வண்டி பார்த்து ஓடுவதற்கென்று ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டார்கள். போட்ட அன்று ஓரிடத்தில் ஒரு டிப்பர் லாரி ரிப்பேராகி நின்றிருந்தது. லாரியை நகர்த்துவது பெயிண்ட் காண்டிராக்டில் இல்லை. கோடு லாரியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. லாரி மறுநாள் போய்விட்டது. அப்னேஆப் மூன்று மாதமும் அந்த இடத்தில், இல்லாத லாரிக்கு மரியாதை கொடுத்து வளைந்து போயிற்று. பின்னால் வரும் ஆட்டோக்களும், ஏதோ காரணம் இருக்கும் என்று வளைந்து போகப் பழகின.

பிறகு நாய்கள். டாலிகஞ்சிலிருந்து சாத்தம் வரை ரோட்டுக்குச் சொந்தக்காரர்களாக உள்ளவை அறுபத்துமூன்று. ஒவ்வொன்றுக்கும் வண்டி நின்றது. எழுந்திருக்காத நாய்க்கு, எழுந்திருக்கும்வரை நின்றது. ஒரு தடவை நானும் ஏறிப் பார்த்தேன். ஏழு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.

"பாப்பாவுக்கு என்னவிட பயம் சார்" என்றார் நோகேஸ். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை மகள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் திட்டத்தின் உயிர் சாத்தத்தில் இல்லை, அக்கரையில் இருந்தது. தினமும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்து போகிற ஜனங்களுக்காகத்தான் வண்டி. அக்கரை போக போட்டில் ஏற வேண்டும். ஜெட்டிக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அதன் மேப்பில் ரோடு அங்கே முடிகிறது. அதற்கு மேல் கடல். கடலில் இறங்க மாட்டேன் என்றது. எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பதினோரு நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு, ஆலோசகர் தன் கம்ப்யூட்டரில் சாத்தத்துக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இழுத்து, அதற்கு 'ரோடு' என்று பெயர் கொடுத்தார். நகர அமைப்புத் துறையில் இப்படி ஒரு சாதனையை நான் கேள்விப்பட்டதில்லை. டெண்டர் இல்லை, ஜல்லி இல்லை, தார் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து துறைமுகத்தின் குறுக்கே ரோடு.

அந்த ரோட்டில் முதல் பயணம்தான் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி. ஆலோசகர் ரிப்பனோடும் போட்டோக்காரரோடும் முதல் போட்டிலேயே அக்கரைக்குப் போய்விட்டார். நானும் அன்று ஸ்கூட்டரோடு ஏறினேன். பாம்பூஃப்ளாட்டில் என் மைத்துனர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வந்து இறங்கிய சிமென்ட் மூட்டையை எண்ணிக் கொடுக்க வேறு ஆள் இல்லை. எனக்குப் பக்கத்தில் முட்டை வியாபாரம் செய்யும் பெங்காலி அம்மாள், ஊருக்கெல்லாம் பௌதி, அதாவது அண்ணி, ஒன்பது அட்டை முட்டைகளைக் கீழே அடுக்கி வைத்திருந்தாள்.

அப்னேஆப் சாதுவாக ஏறி நின்றது. போட் நகர்ந்ததும், போட்டில் கயிறு கட்டும் கலாசி வந்து கண்ணாடியைத் தட்டினான். எங்கள் வண்டி போட்டில் பதினொரு விதிகள் எழுதிய பலகை உண்டு. நான்காவது விதி: எஞ்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, டிரைவர் கீழே இறங்கிக் கம்பி ஓரமாக நிற்க வேண்டும். தண்ணீரின் மேல் போகும்போது யாரும் வண்டிக்குள் உட்காரக் கூடாது. இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

"டிரைவர் சாப், நீச்சே உத்ரோ" என்றான் கலாசி, கீழே இறங்கச் சொல்லி.

"மே டிரைவர் நஹி, பையா." நான் டிரைவர் இல்லை என்றார் நோகேஸ்.

"தோ கௌன் ஹை டிரைவர்?" அப்படியானால் யார் டிரைவர்?

"கோயி நஹி."

"அச்சா. தோ கோயி நஹி கோ போலோ, நீச்சே உத்ரே." யாருமில்லை என்கிறாயே, அந்த யாருமில்லையை இறங்கச் சொல் என்கிறான்.

நோகேஸ் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். முப்பத்துநான்கு வருடத்தில் இந்த நான்காவது விதியை ஒருநாளும் மீறாதவர். ஐம்பத்திரண்டு நிபந்தனைகளோ எழக் கூடாது என்கின்றன.

"சார், எந்த ரூலுங்க சார் கேக்குறது?"

நான் விதிகளைத் துச்சமாக நினைப்பவன் அல்ல. யோசித்துத்தான் சொன்னேன். "தண்ணியில இருக்கப்போ தண்ணி ரூலுதான்யா. எறங்கு."

இறங்கினார். கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது. என் பக்கத்தில் வந்து நின்று மடியிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்தார்.

வண்டியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதன் சக்கரம் உருளவில்லை. ஆனால் அதன் மேப்பில் அது ரோட்டில் போய்க்கொண்டே இருக்கிறது. வழுக்குகிறோம் என்று அது கவலைப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வந்தது. போட் மாஸ்டர் அதற்கு வழிவிட, போட்டை இடப்பக்கம் ஒடித்தார். ஆலோசகர் இழுத்த ரோடு ஒடியவில்லை. கடல் நடுவில், அப்னேஆப் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது.

பெண்குரல் இந்தியிலும் இங்கிலீஷிலும் சொன்னது: "வாகனம் சாலையை விட்டு விலகியுள்ளது. சரிசெய்யப்படுகிறது. அமைதியாக இருக்கவும்."

நாங்கள் அமைதியாகத்தான் இருந்தோம். அது ரோட்டைத் தேடி நாலடி இரண்டங்குலம் வலப்பக்கமாக வந்தது. என் ஸ்கூட்டரைத் தள்ளியது. என் ஸ்கூட்டர் போய் பௌதியின் முட்டைகளின் மேல் படுத்தது. நோகேஸ் ஓடிப்போய்க் கதவை இழுத்தார். ஓட்டத்தில் கதவு திறக்காது, பாதுகாப்பு. உள்ளே சிவப்புப் பொத்தான் பளபளவென்று தெரிந்தது. கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினார்.

"பாப்பா, நில்லு பாப்பா. சொன்னா கேளு."

கலாசி ஒரு கயிற்றுச் சுருளைச் சக்கரத்துக்கு முன்னால் எறிந்தான். வண்டி நின்றது. ஒரு பிராணியைப் பார்த்திருக்கும்.

பௌதி முட்டைக் கூழைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். "ஏ காடி கௌன் சலா ரஹா தா?" யார் ஓட்டியது?

"கோயி நஹி, பௌதி" என்றார் நோகேஸ்.

இருநூற்று எழுபதில் உடைந்தது இருநூற்றுப் பதினான்கு. கீறல் முப்பத்தொன்று. முழுசாக இருபத்தைந்து. ஆடிக்கொண்டிருந்த போட்டில் எண்ணியது. இருந்தாலும் சரியாக இருக்கும்.

அக்கரையில் ரிப்பனை யாரும் வெட்டவில்லை. போலீஸ்காரர் டேப்போடு வந்தார். "ரோடு எங்க? ரோட்ல நடந்தாதான் ரோடு விபத்து" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டார். போட் ஆபீஸில், போட் எதையும் இடிக்கவில்லை, நீங்கள் போலீஸிடம் போங்கள் என்றார்கள். இன்ஷூரன்ஸ்காரர் என்னிடமே சந்தேகம் கேட்டார்: அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, ஏற்றிச் செல்லப்பட்டதா? ஓடியது என்றால் ஓட்டியவர் பெயர் வேண்டும். ஏற்றிச் செல்லப்பட்டது என்றால் அது சரக்கு. ஒரு சரக்கு இன்னொரு சரக்கை இடித்ததற்கு அவரிடம் படிவம் இல்லை. வண்டிக் கம்பெனி மேப்பைக் கைகாட்டியது. மேப் போட்டவர்கள், கடலில் ரோடு கேட்டது கம்பெனிதான் என்றார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஆலோசகர் சொன்னது உண்மை என்று புரிந்தது: நிற்க இடமில்லாதது ரவுண்ட் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதற்குள் நான் ஒன்பது புகார் எழுதியிருந்தேன். கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட், முன்பக்கத் தகடு, மன உளைச்சல். பௌதியும் ஒரு புகார் எழுதினாள். அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

கடைசியில் எல்லோருக்கும் ஒரு வழி தென்பட்டது. இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'ஓட்டுநர் பெயர்' என்ற கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. அதில் நோகேஸின் பெயரைப் போட்டு, கவனக்குறைவு என்று அவர்மேல் ஒரு கேஸ் பதிவு செய்துவிட்டால் பணம் பதினைந்து நாளில் வந்துவிடும். சின்ன கேஸ்தான் என்றார்கள். ஒரு மனிதருக்கு இருந்த ஒரே சொத்தை எடுத்துக்கொண்டு, சின்ன சொத்துதானே என்றார்கள்.

விசாரணை வைத்தார்கள். ஐந்து அதிகாரிகள், பதினொரு ஃபைல், இருபத்துமூன்று சமோசா. கம்பெனி வக்கீல் மெயின்லேண்டிலிருந்து திரையில் வந்தார். நெட் நின்று நின்று வந்ததில், வாயைத் திறந்தபடி நெடுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சாட்சி நான்.

"சம்பவத்தின்போது உடனிருப்பாளர் எங்கே இருந்தார்?"

எனக்கு முப்பத்தொரு வருடப் பழக்கம். "வண்டியிலேருந்து ஆறடி நாலங்குலம் தள்ளி. கம்பி ஓரமா. ரெண்டு கையும் வேர்க்கடலையில" என்றேன்.

"துல்லியமான சாட்சி" என்று வக்கீல் பாராட்டினார். "ஆக, சீட்டை விட்டு எழுந்துவிட்டார். நிபந்தனை முப்பத்தொன்று."

ஐந்து பேனாக்கள் ஒரே நேரத்தில் எழுதின. எண்ணிக்கை பிசகாமல் சொன்னதற்காக நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. போட்டின் நான்காவது விதியை எடுத்துச் சொன்னேன். அது போட்டின் பலகை, எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்றார் வக்கீல். பிறகு நோகேஸைக் கேட்டார்கள்.

"யார் சொல்லி இறங்கினீர்கள்?"

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் கால்மேல் ஒரு கால் வந்து, முழு பலத்தோடு அழுத்தியது. மூன்று மாதத்தில் அவர் மிதித்த ஒரே பிரேக் அது.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் எறங்கினேன்."

"அப்படியானால் ஓட்டுநர் கட்டத்தில் உங்கள் பெயர் போடலாமா?"

"நான் ஓட்டலைங்க."

"வேறு யார் பெயரைப் போடுவது?"

"தெரியலைங்க. ஏழு தடவ கேட்டேன், யாரும் சொல்லல."

இரண்டு வாரத்தில் முடிவு சொல்வதாகக் கலைந்தார்கள். தலைமை அதிகாரி ஃபைலைக் கட்டும்போது, "நஷ்டப்பட்டவங்களே புகார் இல்லன்னுட்டா எனக்கு ஏது வேலை" என்று சமோசாவைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

வெளியே வந்து நோகேஸைப் பிடித்தேன். "யோவ், நான்தானே எறங்கச் சொன்னேன். சொல்ல விட்டிருக்கலாமே?"

"சொன்னா உங்க மேலயும் கேஸு வருங்க. ஒரு கேஸுக்கு ஒரு ஆளு போதும் சார்."

அதற்குப் பிறகு டாலிகஞ்ச் வரை நடந்தோம். எங்கள் தெரு முனை வந்தது. நோகேஸ் இருமாமல் திரும்பினார்.

மறுநாள் காலை என் ஒன்பது புகாரையும் வாபஸ் வாங்கினேன். எழுதியதைவிட வாபஸ் வாங்குவதற்கு அதிகக் காகிதம் தேவைப்பட்டது. பிறகு பாம்பூஃப்ளாட் போனேன். பௌதி விவகாரத்தைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். "பைசா தோ, காகஸ் லோ." பணத்தைக் கொடு, வாபஸ் காகிதத்தை வாங்கிக்கொள். உடைந்ததற்கு முழு விலை, கீறலுக்குப் பாதி என்று பேசி முடித்தோம். கையெழுத்துப் போடும்போது, "வோ ஆப்கா தோஸ்த் ஹை?" என்று கேட்டாள்.

"நண்பனா? அதெல்லாம் இல்லை. படோசி ஹை. பக்கத்து வீடு" என்றேன்.

அவள் சிரித்த மாதிரி இருந்தது.

புகார் இல்லாததால் விசாரணை மூடப்பட்டது. அப்னேஆப் மெயின்லேண்டுக்குக் கப்பலேறியது. இந்தத் தடவை சரக்கு என்று தெளிவாக எழுதினார்கள். திட்டம் வெற்றி, ஆனால் மேலும் ஆராய வேண்டும் என்று அறிக்கை வந்தது. போட் பலகையில் பன்னிரண்டாவதாக ஒரு விதி எழுதியிருக்கிறார்கள்: 'ஓட்டுநர் இல்லாத வண்டியின் ஓட்டுநரும் கீழே இறங்கி நிற்க வேண்டும்.' சட்டம் இவ்வளவு சீக்கிரம் முன்னேறி நான் பார்த்ததில்லை.

நோகேஸிடம், கம்பெனியே தன் தப்பை உணர்ந்து பணத்தைக் கட்டிவிட்டது என்று சொன்னேன். இதை இங்கே எழுதுவதில் ஆபத்து இல்லை. அவர் படிப்பது ரோட்டோரப் பலகைகளை மட்டும்தான். என் முகத்தைப் பார்த்தார்.

"பாப்பா சொல்லியிருக்கும் சார். நல்ல புள்ள." பிறகு விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். "அப்போ முப்பத்தி நாலு வருசமும் மூணு மாசமும். ஒரு கேஸு இல்லைங்க."

"இல்லய்யா. ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

ரசீதுகளை நான் வைத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட், தகடு, முட்டை, வாபஸ் பத்திரம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது நாலாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் ஐம்பது காசு.